குடைப்பாறைக்குப் போகும் வழி

"எந்தக் களவாணிப் பய பாத்த சோலி இது?" என்று சங்கிலிபூதத்தான் பாறையைப் பார்த்துக் கேட்டான்.

பாறை பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாது என்பதற்காகத்தான் அவன் வாராவாரம் இங்கே வருவது.

கங்கைகொண்டான் போகிற ரோட்டை விட்டு இறங்கி, உடைமர முள்காட்டுக்குள் நுழைந்து நடந்தால், மரமெல்லாம் ஒழிந்துபோய் வெறும் செம்மண் பொட்டல் வரும். ஆற்றங்கரையில் குடியிருக்கிறவன் எவனும் இதை நம்ம ஜில்லா என்று ஒத்துக்கொள்ள மாட்டான். தாமிரபரணி இந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பினது கிடையாது. மழையும் அப்படித்தான். கல்யாண வீட்டில் மொய் வைக்க வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும்.

அந்தப் பொட்டலுக்கு நடுவில் பாறைகள் நின்றன. காற்று அரித்து அரித்து ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அடி சிறுத்து மேலே அகன்று நிற்பது குடைப்பாறை. முதுகில் திமில் வைத்திருப்பது ஒட்டகப்பாறை. இன்னொரு பாறையின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, விழுந்துவிடுவேன் விழுந்துவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டே ஒரு நாளும் விழாமல் இருப்பதற்கு மச்சினன் பாறை என்று பேர். எல்லாம் பூதத்தான் வைத்த பேர்தான். பேர் வைக்க வேறு யார் வருகிறார்கள் இங்கே?

அப்படித்தான் நேற்றுவரை நினைத்துக்கொண்டிருந்தான்.

பூதத்தானுக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற வேலை. வாரம் முழுக்க லாரிச் சத்தம், மேஸ்திரி சத்தம், மூட்டை விழுகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்தால் மிக்சி, டிவி, கோமு. கோமு அவன் மனைவி. போன சித்திரையில் ஒரு ஞாயிறு, பருப்பு டப்பா இருக்க வேண்டிய இடத்தில் சீனி டப்பா இருந்தது. வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருக்கிற ஆம்பிளை, அந்த ஒரு நாளும் டப்பாவை எல்லாம் திறந்து பார்த்து, குழாயை மூடிப் பார்த்து, ஏன் எதற்கு என்று கேள்வி கேட்கவில்லை என்றால் குடும்பம் எப்படி உருப்படும்? கேட்டான். கோமு முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். அந்தக் கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியவன், கால் போன போக்கில் நடந்தான். கோபம் தீர்ந்து நிமிர்ந்து பார்த்தபோது குடைப்பாறை நிழலில் நின்றான்.

என்ன ஒரு அமைதி. காது ரெண்டும் தலையை விட்டு இறக்கிவைத்த மூட்டை மாதிரி லேசாகிவிட்டது.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. விடிந்ததும் கிளம்புவான். பாறைக்குப் பாறை ஏறி இறங்கி, ஒட்டகத்தின் முதுகில் கொஞ்ச நேரம், மச்சினன் காலடியில் கொஞ்ச நேரம், குடை நிழலில் மிச்ச நேரம். கோமுவையும் குறை சொல்லக் கூடாது. முதல் வாரம் முறைத்தவள், அடுத்த வாரமே புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். அதற்கடுத்த வாரம் அவித்த முட்டை சேர்ந்தது. அப்புறம் சாயங்காலத்துக்கென்று தனியாக முறுக்கு. கல்லும் முள்ளும் குத்தாத பூட்சு ஒன்றும் எங்கிருந்தோ வாங்கிவந்து காலடியில் வைத்தாள்.

"வெயில் தாழ்ந்தப்பறம் பைய வாங்க. என்ன அவசரம் கெடக்கு?" என்பாள்.

இப்படி ஒரு பொண்டாட்டி எவனுக்குலே வாய்க்கும் என்று பூதத்தான் கிட்டங்கியில் பெருமை பேசுவான்.

ஒரே ஒரு சங்கடம், பொட்டலில் வழி பிடிபடாது. எல்லாப் புதரும் ஒரே புதர். அதனால் திரும்ப வேண்டிய இடத்தில் எல்லாம் மூன்று கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தான். இங்கே திரும்பு என்று அர்த்தம். வேறு ஒரு அர்த்தமும் கிடையாது.

அவனுக்குக் கிடையாது. ஊருக்கு உண்டு. மலைமேல் இருக்கிற சாமியைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் கல்லடுக்கி வைத்து, சொந்தமாக ஒரு வீடு அமையவேண்டும் என்று வேண்டிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். இன்றைக்கு வந்து பார்த்தால் அவன் மூன்று கல்லைச் சுற்றிலும் ஒரு காலனியே முளைத்திருந்தது. அஞ்சடுக்கு, ஏழடுக்கு. ஒருத்தர் சின்னக் கல்லால் மாடிப்படி வேறு வைத்திருந்தார்.

எது தன் கல், எது அடுத்தவன் வீடு என்று தெரியாமல் நடந்த பூதத்தான், சுற்றிச் சுற்றி மச்சினன் பாறைக்கே வந்து சேர்ந்தான். மறுபடி நடந்தான். மறுபடியும் மச்சினன். உச்சி வெயிலில் குடைப்பாறையைக் கண்டுபிடித்தபோது புளிச்சோறு தொண்டையில் இறங்கவில்லை. அவ்வளவு கோபம்.

திரும்பும்போது ரோட்டு முக்கில் இருக்கிற ரசீதின் டீக்கடைக்குப் போனான். ரசீத் ரொம்ப வருஷம் சவூதியில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன்.

"ரசீத்து, பொட்டலுக்கு யாரு வே போறா?"

"நீரு போறீரு."

"என்னையத் தவிர."

"நீரு போறதாலதான் மத்தவங்களும் போறாவ."

"நான் போனா இவங்களுக்கு என்ன வே? நான் சும்மா நடக்குதேன்."

ரசீத் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "சவூதியிலயும் இதே மாதிரிப் பாறை உண்டு. பாலைவனத்துக்கு நடுவுல. அதைப் பாக்க வெள்ளைக்காரன் பிளேன் ஏறி வருவான். ஒத்தையில நடப்பான், ஒத்தையில சமைப்பான், ஒத்தையில கூடாரத்துக்குள்ள படுத்துக் கெடப்பான். எங்க அரபி முதலாளி அவனைப் பாத்து, 'பாவம், வீட்டுல விரட்டி விட்டுட்டாவ போல'ம்பாரு."

"என்னைய எவளும் விரட்டல. நானாத்தான் போறேன்."

"நான் உம்மைச் சொல்லலியே வே," என்றான் ரசீத்.

அந்த வாரமே பூதத்தான் ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வேலைவிட்ட கையோடு பொட்டலுக்குப் போனான். நுழைகிற இடத்தில் இருக்கிற பாறையில், ஆள் உயரத்துக்கு எழுதினான்: பாம்பு உண்டு. உள்ளே வராதே. ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டான். அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இனி எவன் வருவான்?

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாறைக்கு மஞ்சள் பூசியிருந்தது. கீழே வரிசையாகத் தேங்காய்ச் சிரட்டைகளில் பால். வாழை இலையில் முட்டை. ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் அங்கே நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் திருஞானசம்பந்தம் சார் கைகூப்பி நின்றார். மின்சார ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். வேலை போனதிலிருந்து தலைமை தாங்குவதற்கு ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டது.

"வாப்பா பூதத்தான். ஒனக்காகத்தான் எல்லாரும் காத்துக் கெடக்கோம். நாகம் குடியிருக்குன்னு யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வச்சிருக்கான் பாரு."

"சார், நாகமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான்தான் எழுதுனேன்."

"நீ எழுதுனே. சரி. ஒன்னைய எழுத வச்சது யாரு?"

"கோவம் சார்."

"அந்தக் கோவத்தை ஒனக்குக் குடுத்தது யாரு?"

மூட்டை தூக்குகிறவனுக்கு இவ்வளவு படித்த ஆளோடு மல்லுக்கு நிற்க முடியுமா? பெண்கள் அவனைப் பார்த்துத் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வயசான அம்மா அவனையே கும்பிட்டாள்.

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்தில் இருந்ததிலேயே உயரமான கல்லடுக்கைப் பார்த்து, பூட்சுக் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். அடுக்கு சிதறி உருண்டது.

"ஐயையோ, அது என் வீடு," என்று கூட்டத்தில் ஒருத்தன் சத்தம் போட்டான். மகேஷ். வாட்டர் டேங்க் தெருவில் வாடகைக்கு இருக்கிறவன்.

"ஒன் வீடு இங்கன இல்லலே. போயி வேற எங்கனயாவது கட்டு," என்று ஏசிவிட்டுப் பூதத்தான் குடைப்பாறைக்குப் போனான். சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் பின்னால் வரவில்லை. அன்றைக்குப் புளிச்சோறு நன்றாக இறங்கியது. எல்லாவற்றுக்கும் ஒரு மிதிதான் மருந்து என்று நினைத்துக்கொண்டான். இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில், ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டு கிடந்த வீட்டுமனைப் பட்டா மகேஷ் கைக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு பொட்டலில் வரிசை நின்றது. மகேஷ் ஆளுயர மாலையோடு ஓடி வந்து அவன் காலைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, நீங்க 'வேற எங்கனயாவது கட்டு'ன்னு சொன்னிய. வேற எடத்துலயே குடுத்துட்டாவ அண்ணாச்சி."

"விடுலே காலை."

"ஒங்க கால் சாதாரணக் காலா?"

வரிசையில் நின்றவர்கள் அவரவர் கல்லடுக்குக்குப் பக்கத்தில் தயாராக நின்றார்கள்.

"எங்களுதையும் ஒரு மிதி மிதிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி."

"எனக்குப் பையத் தட்டுனாப் போதும் அண்ணாச்சி, நான் கேக்கது சின்ன வீடுதான்."

"எனக்கு மாடி வேணும். நல்லா ஏறி மிதிங்க."

பூதத்தான் மிதிக்க மாட்டேன் என்றான். அது பெரிய தப்பாகப் போயிற்று. மிதிக்காதவனை ஊர் விடுமா? கெஞ்சினார்கள், காலைப் பிடித்தார்கள். அவனுக்கு வாயில் வந்த வார்த்தை எல்லாம் வந்தது. கிட்டங்கியில் லாரி பின்னால் வரும்போது காலை நசுக்கிக்கொண்டவன்கூட அப்படி ஏச மாட்டான். எதிரில் நின்ற அம்மாவை, "ஏன் உயிரை வாங்குதிய, வீட்டுல அடுப்பு, பிள்ளை குட்டி ஒண்ணும் கெடையாதா?" என்று கேட்டான். அவளுக்குக் கல்யாணமாகி நெடுநாளாகப் பிள்ளை இல்லை. கண்ணில் நீரோடு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கேட்டுட்டாரு. அவரு வாயால 'பிள்ளை குட்டி'ன்னு வந்துட்டுது," என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

அதற்கப்புறம் ஏச்சு வாங்குவதற்குத் தனி வரிசை.

வாயைத் திறந்தால்தானே வம்பு என்று அடுத்த வாரம் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தான். "மௌனம்," என்று திருஞானசம்பந்தம் சார் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார். "இதுதான் கடைசி நிலை. இதுக்கு மேல ஒண்ணும் கெடையாது."

பூதத்தான் ஒட்டகப்பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்தான். அங்கே ஒரு குடும்பம் பாய் விரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மச்சினன் பாறைக்கு ஏறினான். அங்கே ரெண்டு பயல்கள் போனில் அவனையே படம் பிடித்தார்கள். கடைசியாகப் பொட்டலின் அந்தக் கோடிக்கு, முள்ளைக் கையால் விலக்கிக்கொண்டு, சட்டை கிழிய ஓடினான். அங்கே, எவனும் வரமுடியாத இடத்தில், ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டு ரசீத் உட்கார்ந்திருந்தான்.

"நீருமா வே?" பூதத்தானின் மௌனம் அங்கே முடிந்துபோயிற்று.

"நான் கும்பிட வரலியே. டீ போட வந்தேன். கும்பிடுதவனுக்கும் தாகம் எடுக்கும்லா."

"இந்தக் கோடியில எவன் வே டீ குடிக்க வருவான்?"

"நீரு இந்தப் பக்கம் ஓடி வருவீருன்னு தெரியும். நீரு வந்தா அவங்களும் வருவாவ."

திரும்பிப் பார்த்தான். செம்மண் புழுதி கிளம்பி வந்துகொண்டிருந்தது.

"ஏம் வே, ஒரு மனுசன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒத்தையில இருக்கணும்னு நெனைக்கது அவ்வளவு பெரிய பாவமா?" பூதத்தான் கிழிந்த சட்டையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "நான் என்ன கேட்டேன்? சோறு கேட்டேனா, சொத்து கேட்டேனா? பக்கத்துல ஆள் இல்லாம உக்காரணும். அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துது. அதையும் பறிச்சிட்டாவளே."

ரசீத் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "அல்லாஹ் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி கேட்டதைக் குடுக்கான் வே. குடியும்," என்றான்.

ஆவணி பிறந்ததும், திருஞானசம்பந்தம் சார் தலைமையில் ஊர் போட்ட கமிட்டி, கோயிலுக்கு வைக்கிற மாதிரியே கொடைவிழா வைத்தது. கல்லுக்கே கொடை. குடைப்பாறையின் கழுத்தில் சீரியல் பல்பு, அடியில் ஜெனரேட்டர், ஒட்டகத்தின் திமில் மேல் குழாய் ஸ்பீக்கர். கிட்டங்கியில் பத்து லாரி சேர்ந்து ஹாரன் அடித்தால்கூட அந்தச் சத்தம் வராது. பூதத்தான் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். தன்னுடைய பாறையைப் பார்த்தான். மஞ்சளும் குங்குமமும் எண்ணெயுமாக, கல்யாண வீட்டில் சிக்கிக்கொண்ட பிரம்மச்சாரி மாதிரி அது முழித்துக்கொண்டு நின்றது.

"இப்போது நம்ம பூதத்தான் நாலு வார்த்தை பேசுவாரு," என்றார் திருஞானசம்பந்தம் சார் மைக்கில்.

பேசத்தான் போகிறேன் என்று பூதத்தான் மைக்கை வாங்கினான். இந்தக் கூத்துக்கு எல்லாம் வேர் தான்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தான் வருகிறவரை இவர்களும் வருவார்கள். தான் நின்றால் நின்றுவிடும். பாறையாவது நிம்மதியாக இருக்கட்டும்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க," என்றான். "இன்னையோட சரி. இனிமே ஞாயித்துக்கிழமை நான் இங்கன வர மாட்டேன். இங்கன மட்டுமில்ல, எங்கனயும் போக மாட்டேன். வீட்டுலதான் இருப்பேன். விடிஞ்சதுலேருந்து அடையுத வரைக்கும், வீட்டுக்குள்ளயேதான் இருப்பேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். இது சத்தியம்."

பொட்டல் அப்படியே அடங்கிப்போயிற்று. மேளக்காரன் கை அந்தரத்தில் நின்றது. யாரோ ஓடிப்போய் ஜெனரேட்டரையும் நிறுத்தினார்கள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அந்தப் பழைய அமைதி திரும்பி வந்தது. பூதத்தானுக்கே ஆச்சரியமாக இருந்தது. சொல்லவேண்டியதை இப்படிச் சொல்லத் தெரியாமல்தான் இத்தனை நாள் காலையும் வாயையும் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தான்.

அப்புறம்தான் கவனித்தான். பெண்கள் ஒருத்தரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாருமே திரும்பி, கூட்டத்தின் ஓரத்தை, ஏதோ இழவு விழுந்த வீட்டைப் பார்ப்பது மாதிரிப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே கோமு நின்றாள். பட்டுச்சேலை கட்டி, கையில் தேங்காய்பழத் தட்டோடு. அவள் இங்கே வந்து அவன் பார்த்ததே இல்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

கோமு தட்டைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கூட்டம் விலகி வழிவிட, நேராகக் குடைப்பாறையின் அடிக்குப் போனாள். குனிந்து ஒரு தட்டையான கல்லைப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, ஆடாமல் அழுத்தி வைத்தாள். அதன் மேல் ஒன்று. அதன் மேல் இன்னொன்று. பழகின கை மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அவனுக்குக் கேட்காத மாதிரி உதட்டுக்குள்ளேயே ஏதோ முனங்க ஆரம்பித்தாள்.

பூதத்தான் மைக்கைத் திருஞானசம்பந்தம் சார் கையில் திணித்துவிட்டு இறங்கினான். பக்கத்து வீட்டு ஹெப்சிபா அங்கே நின்றுகொண்டிருந்தாள். கோமுவோடு நூறு நாள் வேலைக்குப் போகிறவள். சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"இவளுக்கு என்னத்துக்கு இன்னொரு வீடு?" என்று பூதத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "இருக்கது பத்தலியாமா?"

"அவ வீட்டுக்கு வைக்கல அண்ணாச்சி," என்றாள் ஹெப்சிபா. "போன சித்திரையில இங்கன கொளம் வெட்ட வந்தப்போ, 'ஞாயித்துக்கிழமையானா என் வீட்டுக்காரரு எங்கனயாவது கெளம்பிப் போயிரணும், அன்னைக்கு ஒரு நாளாவது நான் ஒத்தையில இருக்கணும்'னு இதே எடத்துல மூணு கல்லை வச்சா, அந்த ஞாயிறே நீங்க கெளம்பிட்டிய, அதைப் பாத்துத்தான் ஊரே இதைச் சாமின்னு ஒத்துக்கிட்டுது."